மண்டூருக்குப் போகும் வள்ளம்

“என்ட வயித்துல அடிச்சுப்போட்டானே ஆதம்பாவா!”

நாவற்குடாக் கரையில் நல்லரத்தினம் தலையில் கைவைத்து அப்படியே குந்திவிட்டார். மண்டூருக்குப் போய், கோயில் துறையில் வள்ளம் நிறுத்த இடம் பேசிவிட்டு இரண்டு நாளில் திரும்பியிருக்கிறார். கரையில் விட்டுப்போன வள்ளத்தின் இடப்பக்கத்தில் ஒரு பலகைகூட இல்லை. உள்மரங்கள் மட்டும் பட்டினி கிடந்த மாட்டின் விலாவைப்போலத் துருத்திக்கொண்டு நின்றன.

இரண்டு வருடம் கரையில் உக்கிக் கிடந்த வள்ளம் அது. மூன்று மாதமாக, வள்ளம் செய்யும் ஓடாவி ஆதம்பாவாதான் உளுத்த மரத்தைக் கழற்றி, புதுப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து, சுறா எண்ணெய் பூசி அதை எழுப்பி நிறுத்தினான். பலகை வாங்க மனைவி சீதேவிப்பிள்ளை தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் காதில் இப்போது ஈர்க்குத் துண்டுதான்.

மண்டூர்த் திருவிழாவுக்குச் சனம் ஏற்றும் அந்த இருபது நாள் ஓட்டத்தில்தான் அவர்களுடைய ஒரு வருடச் சோறு இருந்தது. திருவிழாவுக்கு இன்னும் எட்டே நாள்.

காத்தான்குடிக்கு ஓடினார். ஆதம்பாவாவின் மனைவி றஸீனா கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னாள்.

“அவரு ஊட்டில இல்ல. எங்க போனாரெண்டு எனக்குத் தெரியா.”

திரும்பி வந்தபோது சீதேவிப்பிள்ளை முற்றத்துக் கிடுகுக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்து இன்னொரு கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள்.

“நீ இஞ்சதானே புள்ள இருந்த? ஒரு சத்தமும் கேக்கல்லையா?”

“முதல்ல சோத்தைத் தின்னுங்க.”

“தோடு குடுத்தவள் நீ! உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்லையே!”

அவள் நிமிரவில்லை. விரல்கள் ஓலையை மடக்கிக்கொண்டே இருந்தன.

அப்போதுதான் கரையில் மோட்டார்க் கார்ச் சத்தம் கேட்டது. ஜப்பான்காரன் கடலில் வெள்ளைக்காரன் கப்பலை மூழ்கடித்து மூன்று மாதம். காக்கி உடுப்பைக் கண்டாலே ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம். ஒரு வெள்ளைக்காரத் துரையும், கையில் கடதாசியோடு ஒரு கிளாக்கரும் இறங்கினார்கள்.

“நல்லரத்தினம் ஆரு? புதுசாக்கின வள்ளம் ஒண்டு இஞ்ச கிடக்காமே?”

நல்லரத்தினம் ஓடிப்போய்க் கிளாக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடவுள்தான் ஐயா உங்கள அனுப்பினது! ஓடாவி பலகையெல்லாம் களவெடுத்திட்டு ஓடிட்டான். அவனப் பிடிச்சுத் தாங்க ஐயா! என்ட குடும்பமே போச்சு!”

சொல்லி முடியவில்லை, மணலில் விழுந்து புரண்டார். நாற்பத்தைந்து வயது மனிதர் தாயில்லாப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார்.

துரை வள்ளத்தை ஒருமுறை சுற்றி வந்தார். ஆணி கழன்ற துளைகளை விரலால் தடவினார். பிறகு நல்லரத்தினத்தின் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். கிளாக்கர் கடதாசியில் ஒரு வரியை வெட்டினார்.

“சண்டைக்கு வள்ளம் சேக்கிறம். நேற்றுக் கல்லடியில ஏழு எடுத்தாச்சு. சில ஆக்கள் வேணுமெண்டே கழட்டிப்போட்டு ஏமாத்துறாங்களாம், அதுதான் துரை உம்மட முகத்தப் பாத்தவர். பாவம், உண்மையான அழுகை எண்டு சொல்றார். இது உதவாது.”

மோட்டார் போய்விட்டது. நல்லரத்தினத்துக்கு அதிலும் ஆறுதல் இல்லை. சண்டைக்காரன் எடுக்காவிட்டால் என்ன, மண்டூருக்குப் போகப் பலகை ஏது? வீட்டுக்குள் பாய்ந்து கோடாலியோடு வெளியே வந்தார்.

“ஆதம்பாவாட தலையை எடுத்திட்டுத்தான் இனிச் சோறு!”

சீதேவிப்பிள்ளை குறுக்கே வந்து நின்றாள்.

“கோடாலிய வெச்சிட்டு, அந்தக் கிடுகைக் கொஞ்சம் தள்ளுங்க.”

அவர் ஆத்திரத்தோடு காலால் உதைத்தார். குவியல் சரிந்தது. அடியில் புதுப் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கரியால் இலக்கம். பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய ஆணி.

வேலிக்கு அப்பால் ஆதம்பாவாவின் தலை எழும்பியது.

“கார் போயிற்றா தங்கச்சி?”

“போயிற்று காக்கா. சுத்தியலை எடுத்திட்டு வாங்க.”

நல்லரத்தினத்தின் கையிலிருந்து கோடாலி நழுவியது. கன்னத்தில் ஒட்டிய மணல்கூட இன்னும் காயவில்லை.

“எனக்கு ஏன் புள்ள ஒரு சொல்லும் சொல்லல்ல?”

“சொல்லியிருந்தா, உங்களுக்கு இப்பிடி அழ வந்திருக்குமா?”