பார்த்தவர்

"தம்பி, இன்னிக்கு எங்க?"

எதிர் வீட்டு மாதவராஜ் இன்றைக்கும் கேட்டுவிட்டார்.

"பாலக்கோடுங்க. தக்காளித் தோட்டத்துல மோட்டார் எரிஞ்சு போச்சாம்," என்றான் தௌசீப், பைக்கைக் கிளப்பிக்கொண்டே.

"திரும்ப?"

"ஆறு மணி ஆயிடுங்க."

மாதவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற தௌசீப்பின் மனைவி சமரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற தொழிலுக்காக அவர்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் குடிவந்து நாலு மாதம். வந்த அன்றே ஆதார் நகலும் போட்டோவும் வாங்கி, போலீஸ் பாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள் வீட்டுக்கார அமுதவல்லி. எல்லோரும் கொடுப்பதுதானே என்று சமரீனும் அதை மறந்துவிட்டாள்.

பிறகு கர்நாடகா பக்கம் எங்கேயோ குண்டு வெடித்ததாக டிவியில் சொன்னார்கள். அன்றிலிருந்து தெருவில் வேறு பேச்சே இல்லை. புதுசாகக் குடிவந்தவர்களை லிஸ்ட் எடுக்கிறார்களாம். நல்லதுதானே என்றார் ஒருத்தர். கேஸை முடிக்க யாராவது ஒரு ஆள் வேணுமில்ல, அதுக்குத்தான் என்றார் இன்னொருத்தர்.

"எதிர் வூட்டுக்காரர்கிட்ட பாத்துப் பேசுங்க," என்றாள் அமுதவல்லி. "கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு. எங்க ஏறுன, எங்க எறங்குவேன்னு கேட்டே பழகிட்டாருன்னு நெனச்சேன். இப்பப் பாத்தா, போலீசுக்குத் துப்பு சொல்றாரோ என்னமோ."

அதற்குப் பிறகு சமரீன் அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் மாதவராஜ் மணி பார்ப்பார். உள்ளே போய் அன்றைய காலண்டர் தாளைக் கிழிப்பார். பின்பக்கம் ஏதோ எழுதுவார். கிளிப்பில் சொருகிவிடுவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"அவர் கேட்டா நீங்க ஏன் பதில் சொல்றீங்க?" என்று புருஷனிடம் சண்டை போட்டாள்.

"மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களையுந்தான் கூப்பிட்டுப் போறாங்க."

அவள் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை காலையில் ஜீப் வந்து வாசலில் நின்றது.

"சின்ன விசாரணைதாம்மா," என்றார் எஸ்.ஐ. "போன மாசம் பதினேழாம் தேதி எங்க இருந்தீங்க தௌசீப்?"

தௌசீப் விழித்தான். போன மாசத்து நாளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"அன்னிக்குப் பகல் முழுக்க உங்க போன் ஆஃப்ல இருந்திருக்கே?"

"அப்படின்னா... சித்தேரி மலை மேல போயிருப்பேன் சார். அங்க சில எடத்துல டவர் கெடைக்காது."

"போயிருப்பேனா, போனேனா?"

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். எதிர் கேட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் மாதவராஜ். ஜீப் கிளம்பியதும் உள்ளே போய்விட்டார்.

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. தெருவில் ஒருவரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. அமுதவல்லி கதவைச் சாத்திக்கொண்டாள். சமரீனுக்குப் பொறுக்கவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

உள்ளே எஸ்.ஐ. மேஜைக்கு எதிரே மாதவராஜ் உட்கார்ந்திருந்தார்.

"நாங்க உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணோம்?" என்று அவரிடம் கேட்டாள். "தினம் தினம் எழுதி வச்சீங்களே, இதுக்குத்தானா?"

மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுக்குத்தாம்மா எழுதியிருக்காரு," என்ற எஸ்.ஐ., கையிலிருந்த காலண்டர் தாளைத் திருப்பிப் படித்தார். "பதினேழு, செவ்வாய். தௌசீப் காலை எட்டு இருபதுக்குக் கிளம்பினார். சித்தேரி, சென்னம்மாள் தோட்டம். மாலை ஆறு பத்துக்குத் திரும்பினார்."

சமரீன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அந்தம்மா மவன் அரூர்ல இருக்காரு. போன்ல விசாரிச்சுட்டேன். மோட்டார் கட்டிக் குடுத்தது நெசந்தான். நேர்ல பாத்தேன்னு இவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்க கூட்டிட்டுப் போலாம்."

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"தப்பா நெனச்சுட்டேங்க, ஐயா," என்றாள் சமரீன்.

"வேற எப்படி நெனப்பே? யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

"ஆனா ஒண்ணு கேக்கணும். நாங்க உங்களுக்கு ஒறவுமில்ல, பழக்கமுமில்ல. எங்களுக்காக எதுக்கு நாள் தவறாம எழுதுனீங்க?"

மாதவராஜ் ரோட்டோரப் புளியமர நிழலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க இருக்கற வூட்டுல முன்ன மாதுன்னு ஒருத்தன் இருந்தான். என் வயசுதான். நக்சல் நக்சல்னு புடிச்சிட்டிருந்த காலம். எங்கியோ நடந்த ஒரு சம்பவத்துல அவனும் இருந்தான்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாலு வருசம் உள்ள இருந்தான். வெளிய வந்தவன் இந்த ஊர்ப் பக்கமே வரல."

"அவர் அதுல இருந்தாரா?"

"எப்படிம்மா இருப்பான்? அன்னிக்கு என் தங்கச்சி கல்யாணம். காலையில இருந்து பந்தி பரிமாறுனதே அவந்தான். எனக்கும் அவந்தான் சோறு போட்டான்."

"அப்ப ஊரே பாத்திருக்குமே?"

"பாத்துச்சு. போலீஸ் வந்து கேட்டப்ப பயத்துல ஒருத்தரும் பாக்கலைன்னாங்க."

அவர் சமரீனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மொதல்ல அப்படிச் சொன்னது நாந்தாம்மா."