பதினான்காம் எண் சட்டை

அந்த முகத்துக்கு வந்ததும் அவள் பேனா நின்றது.

புகைப்படத்தில் பதினோரு பேர். ஆழ்துளைக் கிணற்றில் முதன்முதலாகத் தண்ணீர் பீறிட்ட காலை. யாரோ கூவ, எல்லோரும் படுக்கையிலிருந்து எழுந்தபடியே ஓடிவந்திருந்தார்கள். பத்துப் பெயர்களை எழுதிவிட்டாள். ஓரத்தில் வெறும் பனியனோடு குளிரில் கைகட்டி நிற்கும் எல்கானா, அவள் கணவன், அவனையும் எழுதிவிட்டாள்.

நடுவில் நனைந்து சிரிப்பவள்தான் மிச்சம்.

நெகேவ் பாலைவனத்தில் அவர்களுடைய சின்ன கிப்புட்ஸுக்கு, அந்தக் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புக்கு, இப்போது ஐம்பது வயது. விழா மலர் வருகிறது. பழைய முகங்களை அடையாளம் சொல்ல அவள் ஒருத்திதான் பாக்கி. அவள் எழுதுவதுதான் வரலாறு.

அங்கே எல்லாம் பொது. நிலம் பொது, டிராக்டர் பொது, அடுப்பு பொது. பிள்ளைகள்கூடப் பொது வீட்டில்தான் தூங்கினார்கள். புருஷனைப் பற்றி மட்டும் எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடவில்லை.

துணிகளை ஒரே இடத்தில் துவைத்ததால் ஆளுக்கு ஓர் எண். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் தைத்திருக்கும். தைத்தவள் அவள்தான். எல்கானாவின் எண் பதினான்கு.

சிரிப்பவளின் சட்டை தோளில் நிற்காமல் வழிகிறது. ஆம்பளைச் சட்டை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முந்தின இரவு தனக்குக் காவல் முறை என்று சொல்லிவிட்டுத்தான் எல்கானா போயிருந்தான்.

வயிறு எரிந்தது. நாற்பத்தேழு வருடம் கழித்தும், அவனை அடக்கம் செய்து ஒன்பது வருடம் ஆன பிறகும், அப்படியே எரிந்தது. அந்தச் சட்டை மறுவாரம் சலவைக்கு வந்தது. துவைத்தாள். இஸ்திரி போட்டாள். அவன் அலமாரியில் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'பெயர் தெரியவில்லை' என்று எழுதினாள்.

மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

மலரைத் தொகுக்கும் நோகா பூதக்கண்ணாடியோடு குனிந்தாள்.

"பரவாயில்ல, பெனினா. காலர் தூக்கிட்டு நிக்குது, நம்பர் தெரியுது பாருங்க. பழைய சலவை நோட்டு ஆபீஸ்ல இருக்கு. அதுல பார்த்து நானே பேரைப் போட்டுடறேன்."

அந்த நோட்டும் அவள் கையெழுத்துதான்.

"இரு."

படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழுதியதை அடித்தாள்.

"திர்ஸா. இப்பத்தான் ஞாபகம் வருது."

முழுப் பெயரையும் எழுதினாள். மற்ற பத்துப் பெயர்களைவிடத் தெளிவாக.

நோகா இன்னொரு முறை முகங்களை எண்ணிப் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்க?"

"படம் எடுத்தது நான்."