பட்டை போட்ட பாய்மரம்

ஜனவரி 23, வெள்ளி. ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது. கப்பலின் பாய்மரம், பாய்மரம் அல்ல.

ஜெபஸ்டின் டைரியில் இதை எழுதிவிட்டு, ‘சின்ன’ என்பதை அடித்தான். கொஞ்சம் யோசித்துத் திரும்ப எழுதினான். பிறகு திரும்ப அடித்தான்.

மறுநாள் சாயங்காலம் தச்சு வகுப்பு அறையில், நடுமேசையிலிருந்த கப்பலுக்குப் பக்கத்தில் அவன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். மியூசியத்திலிருந்து வந்த மேடம் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சிக்கு அவர் இதை எடுத்துக்கொண்டால் சாயங்கால வகுப்பு நடக்கும். இல்லையென்றால், பள்ளிக்கூடத்தின் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க அறை வேண்டும் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

பெஞ்சுகள் வராந்தாவுக்கே வந்து காத்திருந்தன.

கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றில் தோண்டியெடுத்த பழங்காலக் கப்பலின் சின்ன மாதிரி அது. நிஜக் கப்பலில் கிடைத்தது அடிப்பாகமும் இடது பக்கமும்தான். வலது பக்கத்தை மண் தின்றுவிட்டது. அந்த வலது பக்கம் முழுவதையும் ஜெபஸ்டின் இழைத்தான். ஒவ்வொரு பலகையையும் ஒட்டி, சந்தேகப்பட்டு, பிரித்து, திரும்ப ஒட்டினான்.

ஆதாரம், செல்போனில் பெரிதாக்கிப் பார்த்த ஒரே ஒரு போட்டோ.

அதில், கிடைத்த பாதிக் கப்பலின் நடுவே செங்குத்தாக ஒரு கம்பு நின்றது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கம்பு.

வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சங்கரன்கோவிலில் அதற்கு வழியில்லை. நினைவு தெரிந்த நாளாகக் கோயில் மதிலைச் சிவப்பு வெள்ளைப் பட்டையாகவே பார்த்துப் பழகிய கண்கள். பழசு என்றால் பட்டை இருக்கத்தானே செய்யும்?

பகலில் கடைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வகுப்புத் தோழன் துரைப்பாண்டி, ஒரு பட்டைகூடக் கோணாமல் அதைத் தீட்டினான். பார்க்க வந்தவர்கள் கப்பலை விட்டுவிட்டுக் கம்பைத்தான் புகழ்ந்தார்கள். உள்ளூர்த் தறியில் நெய்த துண்டு ஒன்றை அதில் பாயாகக் கட்டினார்கள்.

நேற்று மத்தியானம், வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, ஜெபஸ்டின் செல்போனில் வேறு அகழாய்வுப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு பானைக்குப் பக்கத்தில் அதே பட்டைக் கம்பு கிடந்தது. ஒரு எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலும் கிடந்தது.

எலும்புக்கூட்டுக்கு எதற்குப் பாய்மரம்?

தோண்டுகிறவர்கள், பொருளின் அளவு தெரிவதற்காக வைக்கிற கோல் அது. படம் எடுத்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“ஏலே, வாயத் தொறந்தியோ, ஒன் மூஞ்சியிலயும் பட்டை அடிச்சிருவேன் பாத்துக்கோ,” என்றான் இப்போது துரைப்பாண்டி, ஜெபஸ்டினின் காதுக்குள்.

மேடம் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நல்லா இருக்கு,” என்றார். பந்தியில் ரசத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வது போல. “ஆனா இந்தக் கப்பலுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே நாலஞ்சு மாடல் இருக்கு, தம்பி. எல்லாமே நல்லா இருக்கு.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வராந்தாவில் யாரோ பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

எப்படியும் கவிழ்ந்தாயிற்று. பொய்யையாவது இறக்கி வைத்துவிடலாம் என்று ஜெபஸ்டினுக்குத் தோன்றியது.

“மேடம், அது பாய்மரம் இல்ல. அளவுகோல். தெரியாம நட்டுட்டோம்.”

துரைப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

மேடம் திரும்பி வந்தார். கம்பைப் பார்த்தார். போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மறுபடி கம்பைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று ஜெபஸ்டின் பயந்துபோனான்.

அது சிரிப்பு. ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அடங்கியது.

பையிலிருந்து டேப்பை எடுத்துக் கம்பை அளந்தார். பட்டையை அளந்தார். கப்பலை அளந்தார்.

“கோலும் கப்பலும் ஒரே கணக்குல சின்னதாகியிருக்கே!”

“பட்டை நான் அடிச்சது மேடம்,” என்று முன்னால் வந்தான் துரைப்பாண்டி.

மேடம் உடைந்த பெஞ்சு ஒன்றின் நல்ல முனையில் உட்கார்ந்தார். முழுக் கப்பலை எல்லாரும் செய்து தந்துவிட்டார்கள் என்றார். தோண்டிய குழி, அதில் பாதிக் கப்பல், நடுவில் கோல் என்று மண்ணிலிருந்து வெளிவந்த கோலத்தில் ஒருவரும் செய்யவில்லை. அப்படி மாற்றித் தந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

தாளாளரிடமும் அவரே போய்ச் சொன்னார். பெஞ்சுகள் வந்த வழியே திரும்பிப் போயின. துரைப்பாண்டி பாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மக்கா, பாத்தியா! கம்புதாம்ல காப்பாத்திச்சு!” என்று ஜெபஸ்டினின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

ஜெபஸ்டினும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தான். டைரியைத் திறந்து, நாளைய வேலையை எழுத உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ஜனவரி 24, சனி. வகுப்பு பிழைத்தது. கம்பு நட்ட இடத்திலேயே இருக்கும்.

நாளை ஆராதனை முடிந்ததும், ஒரு சட்டி மண்ணும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வலது பக்கம் முழுவதையும் ஒழுங்காக உடைக்க வேண்டும்.