வெயில் அடிக்கும் புள்ளி

“புயலோட கண்ணுக்குள்ள காத்தே இருக்காதாம், தெரியுமா?” என்று ஒருமுறை கேட்டார் கணவர்.

“முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது,” என்றாள் தையற்காரி.

அவரைக் கடல் கொண்டுபோய்ப் பல வருடங்களாகின்றன. அவர் இருந்த இணைய வானிலைக் குழுவில் இப்போது அவள் இருக்கிறாள். புயல் நெருங்கினால் ஒவ்வொருவரும் தாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாக்கி, அங்கே காற்று எப்படி என்று எழுதுவார்கள்.

இன்று ஒரு புள்ளி நடுக்கடலில், புயலின் கண்ணுக்குள் இருந்தது. ‘காற்றில்லை. நல்ல வெயில்.’

“யாருப்பா அது, கடல்ல துணி காயப்போடுறது?” என்று கேலி செய்தார் ஒருவர்.

அது அவள் கணவரின் பழைய கணக்கு. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

புயலோடு புள்ளியும் கரையை நோக்கி நகர்ந்தது. மாலையில் இரண்டும் கரையை விட்டு விலகித் திசை மாறத் தொடங்கின. அது குழுவில் எல்லார் வயிற்றிலும் பால் வார்த்தது.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். அவர் கடைசியாகப் படகேறியபோது தான் சொல்லத் தயங்கியதை இப்போது வாய்விட்டுச் சொன்னாள்.

“வீட்டுக்கு வந்துடுங்க.”