வீட்டுக்கே ஒரே பத்தியம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, கள்ளிக்குப்பத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

கணவர் ஜெயபாலுக்கு மாரடைப்பு வந்து ஒரு வருடம். இன்று டாக்டர் எதிரே ஜெயகுமாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு. என்ன சாப்பாடு?”

“ஒரு வருஷமா எங்க ஊட்ல கறி, மீன் வாசனையே கெடையாது டாக்டர். தயிர்சோறுதான். உயிருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

“தயிர்சோறுதான் வினை. இனிமே மீன் கொடுங்க.”

“இதயத்துக்கு மீனா?”

டாக்டர் கூடையிலிருந்த செவலைப் பூனையைத் தடவினார். “கறி, மீன்ல இருக்கிற சத்து இல்லேன்னா பூனை இதயம் தாங்காதும்மா. மருந்தும் மீனும் கொடுங்க, தேறிடும்.”

வாசலிலிருந்து ஜெயபால் எட்டிப் பார்த்தார். “டாக்டர், அப்படியே எனுக்கும் சேத்து எழுதிடு!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள் ஜெயகுமாரி. “உனுக்கு வாலா கீது? தயிர்சோறுதான்!”

உங்கள் வீட்டு இதயங்களெல்லாம், இரண்டு காலோ நாலு காலோ, நூறு வருஷம் துடிக்கட்டும்.