இரண்டடி தள்ளி

புது அடுப்பு வந்ததிலிருந்து மாமனார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

முன்பெல்லாம் காலை டீ அவர் கையால்தான். மருமகள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் தம்ளரில் ஊற்றி மூடி வைத்திருப்பார். பால் பொங்காமல் காவல் நிற்பார். அவள் துணி காயப்போட மாடிக்குப் போனால், அடுப்பில் இருப்பதைக் கிளறிவிடுவார். மாமியார் இல்லாத குறையே தெரியவில்லை என்று தன் அக்காவிடம் பீற்றிக்கொள்வாள்.

இப்போது ஹாலில் உட்கார்ந்தபடியே, "அம்மாடி, ஒரு டீ கிடைக்குமா?"

காய் மட்டும் நறுக்கித் தருவார். அதுவும் தட்டோடு ஹாலுக்கே போகவேண்டும். தண்ணீர் பிடிக்க வந்தாலும், அடுப்பு கடித்துவிடும் என்பதுபோலச் சுவரை ஒட்டியே வந்து, சுவரை ஒட்டியே போனார்.

அந்த அடுப்பை வாங்குவதற்கு முன் வீட்டில் மூன்று நாள் சட்டசபை நடந்தது. கணவன் நாலு பர்னர் கேஸ் அடுப்பு என்றான். கடைக்காரர் இன்ஃப்ராரெட்டைக் காட்டி, எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்றார். ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் சுடுமாம். அவள் இண்டக்ஷன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு முந்தின மாதம்தான் ஸ்டூல் போட்டு ஏறிய மகளின் கவுன் நுனியில் கேஸ் அடுப்பின் தீ பிடித்துக்கொள்ள, மாமனார் வெறுங்கையால் கசக்கி அணைத்திருந்தார்.

அவரைக் கேட்டபோதும், தீ இல்லாத அடுப்பா இருந்தா சரிம்மா என்றுதான் சொன்னார்.

கடை ஆட்கள் மேடையில் அடுப்பைப் பதித்துவிட்டுப் போன அன்று, கூட வந்த புத்தகத்தை மாமனார் அட்டை முதல் அட்டை வரை படித்தார். அச்சாபீசில் பிழை திருத்தியே வயசானவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார்.

மறுநாள் தொடங்கியதுதான் இந்த மகாராஜா வேலை.

அவர் டீ போடும் பழைய அலுமினியப் பாத்திரம் இதில் சூடாகாது என்று அவள் பரணில் போட்டிருந்தாள். அந்தக் கோபமோ என்று புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நல்லா இருக்கும்மா என்றார், அவளிடமே கொடுத்துவிட்டார்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஒன்றரை வருஷம். சும்மா உட்காராமல் சின்னச் சின்ன வேலை செய்யச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்கிறார். அதையும் ஒருநாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டார்.

போதாக்குறைக்குத் தரையில் டேப்பு வேறு. அடுப்பு மேடைக்கு எதிரே, கோடு கிழித்த மாதிரி கறுப்பு டேப்பு. பிள்ளை விளையாட்டு என்று சுரண்டி எறிந்தாள். இரண்டு நாளில் மறுபடி முளைத்தது.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். கணவன் வேலைக்குப் போய்விட்டான். படுத்தபடியே மாமனாரிடம் ஒரு டீ கேட்டாள்.

அவர் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடையையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அரை மணி கழித்து, நனைந்த சட்டையோடு கடை டீ வந்தது.

அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"ஒரு டீ வைக்கக்கூடவா மாமா உடம்பு வளையல? எனக்கு ஒரு குழந்தை போதும். ரெண்டாவதை வளர்க்கத் தெம்பில்ல."

மாமனார் தம்ளரில் ஊற்றி, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

"வயசாச்சில்லம்மா. சோம்பேறியாயிட்டேன்."

காய்ச்சல் விட்டு எழுந்ததும் முதல் வேலையாக அந்த டேப்பைக் கத்தியால் சுரண்டி, பசைகூடத் தெரியாமல் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். கோபத்தில் தரை பளபளத்தது.

இன்று மத்தியானம் அடுப்பின் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போக, பழுது பார்ப்பவர் வந்தார். மாமனார் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார்.

வந்தவர் வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற ஆள். வேலையை முடித்து, சரிபார்க்க ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்.

"அந்தப் பெரியவர் வீடுதானே இது? எங்க ஆபீசுக்கு மூணு தடவை போன் பண்ணார். நான்தான் பேசினேன்."

"எதுக்கு?"

"பேஸ்மேக்கர் வச்சவங்க இந்த அடுப்பு ஓடும்போது ரெண்டடி தள்ளி நிக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே, டாக்டரும் அதையேதான் சொல்றார், சரிதானான்னு கேட்டார். சரிதான், எதுக்கு வம்பு, கேஸ் அடுப்பாவே மாத்தித் தரோம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டார். வீட்ல சின்னப் பொண்ணு இருக்கு, மருமகளுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே மாத்திடுவா, நான் தள்ளி நின்னுக்கறேன், அளந்து கோடுகூடப் போட்டுட்டேன்னார்." அவர் தரையைப் பார்த்தார். "எங்கே, கோட்டைக் காணோமே?"



கேட் திறந்தது. மகள் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். பேத்தியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமனார் சமையலறை வாசலுக்கு வந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் கண்கள் தரையில் எதையோ தேடின. பளபளவென்று இருந்த தரையில் ஒன்றுமே இல்லை.

எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று கேட்டார்:

"அடுப்பு சரியாயிடுச்சாம்மா?"