வாந்திமானி

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறந்துடாத மச்சான், உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் நீளமான தொட்டி. ஒரு கோடியில் அலை எழுப்பும் மெஷின்; அதை இயக்குபவர் மாடிக் கண்ணாடி அறையில். நடுவில் அத்தான் செய்த பன்னிரண்டாவது மிதவை மேடை. ஆழமில்லாத கடலில் அலை தரையில் கால் தடுக்கிய மாதிரி எகிறிக்கொண்டு வந்து அடிக்கும். அந்த அடியை வாங்காமல் மிதக்கும் மேடை செய்வதுதான் அவர் தொழில்.

மச்சானுக்கோ ஊஞ்சலைப் பார்த்தாலே குமட்டும். அதனாலேயே அங்கே வேலை கிடைத்தது. மேடையில் உட்கார்ந்து அவன் வாந்தி எடுத்தால் மேடை தேறவில்லை என்று அர்த்தம். பட்டறையில் அவனுக்கு 'வாந்திமானி' என்றே பெயர். பாவம், இதுவரை ஒன்றில்கூட ஐந்து நிமிடம் தாண்டியதில்லை. பதினோரு மேடைகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

"தீவுக்காரங்களுக்கு மிதக்கிற ஆஸ்பத்திரி கட்டணும். நான் பல்லைப் பிடுங்கறப்போ மேடை ஆடினா, நாக்குல்ல கையோட வரும்?" என்றார் மேடை வாங்க வந்திருந்த பல் டாக்டரம்மா.

"ஆடாதும்மா. இந்தத் தடவை மேடையைச் சுத்தி இருக்கிற சுவரெல்லாம் சல்லடையா ஓட்டை போட்டிருக்கேன். எதுத்து நின்னாத்தானே அலை அடிக்கும்? வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும்."

"இதுவும் தேறலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா தம்பியின் காதைப் பிடித்து இழுத்தாள். "இவங்களும் போயிட்டா பட்டறையை மூடிட்டு உன் வீட்டுலதான் வந்து உக்காரணும். உங்க அத்தான் குறட்டையை நீயே கேட்டுக்க."

மச்சான் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு மேடையில் ஏறி உட்கார்ந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் வாயைப் பார்க்கத் தைரியமில்லாமல் அத்தான் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார்.

கண்ணை மூடினால் மட்டும்? ஒவ்வொரு அலையும் மலையாக எழுந்து வருவது அவனுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குள் யாரோ துணி துவைத்தார்கள். காலையில் குடித்த காபி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

"ம்ம்."

டாக்டரம்மா அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், சொல்லிவிட்டார்: "எங்க, ஆ காட்டுங்க!"

"ஐயோ, வேண்டாம்மா!" என்று அக்கா அலறினாள்.

ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. குறட்டையை நினைத்து நினைத்து எச்சிலை விழுங்கினான். இருபதாவது நிமிடம், வயிறு தானாகவே அடங்கியது.

"அத்தான்! ஒரு சொட்டு வரல!"

அத்தான் திரும்பினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "பன்னெண்டு வருஷ உழைப்பு மச்சான்! அலையை ஜெயிச்சுட்டோம்!"

"பரவாயில்லையே, சொன்ன மாதிரி ஆடவே இல்ல!" டாக்டரம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போது மாடிக் கண்ணாடி அறையிலிருந்து மெஷின்காரர் தலையை நீட்டினார்.

"சார், தம்பி ஏறினப்போ கலங்கின தண்ணி இப்பத்தான் அடங்கிச்சு. பன்னெண்டு தடவையில இன்னிக்குத்தான் அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்காரு... முதல் அலையை விடட்டுமா?"